மாலை போட்ட மூன்றாம் நாள் ராத்திரி, அண்ணன் வெறுங்கையால் வெல்டிங் வைக்கிறார்

கப்பலூர்க்காரி | செவ்வாய், இரவு 11:48

இந்த நேரத்தில் யாராவது விழித்திருப்பீர்களா தெரியவில்லை, இருந்தால் பதில் போடுங்கள். அண்ணனுக்கு 42 வயது, சொந்தமாக வெல்டிங் பட்டறை. பதினெட்டு வருஷக் குடி. நான்கைந்து வருஷமாகக் காலையிலேயே ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் ஹோல்டரைப் பிடிக்கக் கை நிற்கும், ராத்திரிக்குள் மூன்று குவார்ட்டர் ஆகிவிடும். ஆனால் கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுவிடுவார், மலைக்குப் போய்த் திரும்பும்வரை சொட்டு தொடமாட்டார். "பார்த்தியா, நினைச்சா நிறுத்திடுவேன்" என்று அதை வைத்தே மிச்ச மாசமெல்லாம் எங்கள் வாயை அடைப்பார்.

சனிக்கிழமை ராத்திரி கடைசியாகக் குடித்தது, ஞாயிறு விடியற்காலை மாலை. அன்று மத்தியானமே நடுக்கம் வந்துவிட்டது, டம்ளரைப் பிடிக்க முடியாமல் அம்மாதான் காப்பியை ஆற்றி வாயில் வைத்துக் கொடுத்தார். போன வருஷமும் நடுங்கியது, இரண்டு நாளில் சரியாகிவிட்டது, அதற்கு முந்தின வருஷம் தூக்கம் மட்டும்தான் வரவில்லை. அதனால் இந்தத் தடவையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு ராத்திரியாகப் பொட்டுத் தூக்கமில்லை, குளித்துவிட்டு வந்தவர் மாதிரி வேர்வை. இன்று சாயங்காலத்திலிருந்து ஆளே வேறு. திண்ணையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது கையை முகத்துக்கு முன்னால் மறைப்பு மாதிரி பிடித்துக்கொண்டு, வலது கையில் ஹோல்டர் இருப்பதாக நினைத்து வெறும் காற்றில் வெல்டிங் வைக்கிறார். ராடு தீர்ந்ததும் குனிந்து தரையிலிருந்து இன்னொன்று எடுத்து மாட்டுகிறார். பக்கத்தில் போனால் "பார்க்காத பாப்பா, கண்ணு போயிடும்" என்கிறார். சின்ன வயதில் நான் பட்டறையில் போய் நிற்கும்போது சொன்ன அதே வார்த்தை.

அம்மா, சாமி வந்திருக்கிறது என்று விபூதி பூசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். குருசாமியைக் கூட்டிவர ஆள் போயிருக்கிறது. பக்கத்து வீட்டு அத்தை, பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருப்பார்களே, 'குடிப்பவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்' என்று, அந்தப் பொடியில் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறார், பாலில் கலந்து கொடுத்துவிடலாம் என்கிறார். கொடுக்கலாமா? காலையில் டாக்டரிடம் போனால் போதுமா?

நைட் டூட்டி | செவ்வாய், இரவு 11:53

காலை வரை காத்திருக்காதீர்கள், இதைப் படித்ததும் 108க்குப் போன் போடுங்கள். பொடியும் வேண்டாம், பாலும் வேண்டாம். தெளிவில்லாத ஆள் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

சாமியும் இல்லை பேயும் இல்லை. நம் பாட்டிகள் ஜன்னி என்பார்களே, இது குடி ஜன்னி. தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 48 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் இது வரலாம், உங்கள் அண்ணனுக்கு இப்போது 72 மணி நேரம் ஆகிறது. வைத்தியம் இல்லாமல் விட்டால் உயிரே போகலாம். வைத்தியம் கிடைத்தால் பெரும்பாலானோர் தப்பித்துவிடுவார்கள்.

வண்டி வரும்வரை விளக்கை அணைக்க வேண்டாம், இருட்டில் பயம் அதிகமாகும். கட்டிப்போட வேண்டாம். அவர் வெல்டிங் வைத்தால் வைக்கட்டும், மறுத்துப் பேசாமல் பக்கத்தில் ஒருவர் மட்டும் அமைதியாக இருங்கள். கத்தி, அரிவாள்மனை, சுத்தியல் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். ஃபிட்ஸ் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் இரும்பைத் திணிக்காதீர்கள். டாக்டரிடம் முதல் வார்த்தையே "தினம் மூன்று குவார்ட்டர், கடைசியாகச் சனிக்கிழமை ராத்திரி" என்பதாக இருக்கட்டும். மானம் போகிறது என்று "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்படிச் சொன்ன வீட்டாரால் நாலு மணி நேரம் வீணாகிப்போன ஆட்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

சோழவந்தான் மைனர் | செவ்வாய், இரவு 11:59

இதுக்கு எதற்கு ஆம்புலன்ஸ்? ஒரு தொண்ணூறு ஊற்றிக் கொடுங்கள், பத்து நிமிஷத்தில் தெளிந்துவிடுவார். எங்கள் மாமாவுக்கு இப்படித்தான் செய்வோம். மாலை போட்டவருக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான் சிக்கல்.

நைட் டூட்டி | புதன், அதிகாலை 12:04

மைனர், உங்கள் மாமா நடுங்கியிருப்பார், ஆனால் நினைவோடு இருந்திருப்பார். அந்தக் கட்டத்தில் சரக்கு நடுக்கத்தை நிறுத்தும் என்பது உண்மைதான், பொய் சொல்ல மாட்டேன். குடிநோயாளி காலையில் கடை திறக்கும் முன்னே போய் நிற்பதே அதற்காகத்தான். இவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். தங்கச்சி, போன் போட்டாச்சா?

கப்பலூர்க்காரி | புதன், அதிகாலை 12:31

வண்டி வந்துவிட்டது. குருசாமியும் வந்தார். கிளம்புகிறோம்.

பள்ளிபாளையம் தறி | புதன், காலை 6:20

விடிந்ததும் இதைத்தான் முதலில் படித்தேன், கை வேலைக்கே ஓடவில்லை. நான் குடியை விட்டு 11 வருஷம். விட்டது ஒரே தடவையில் இல்லை, ஏழெட்டுத் தடவை விட்டேன். மூன்றாவது தடவை விட்ட மறுநாள் ஈரோடு பஸ் ஸ்டாண்டில் ஃபிட்ஸ் வந்து விழுந்து முன்பல் இரண்டு போனது. கையில் சாவிக்கொத்து கொடுத்துச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அண்ணனுக்கு ஏன் இப்படி ஆனது என்று யாராவது கேட்பார்கள், அதனால் எனக்கு டாக்டர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். தறிக்குடோனில் இருபது வருஷம் ஓட்டியவன் வீட்டுக்கு வந்தும் கத்தித்தான் பேசுவான், தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. மூளைக்கும் அதே கதைதான். சரக்கு தினமும் வந்து மூளையை அமுக்குகிறது. அந்த அமுக்கத்தை மீறி விழித்திருக்க மூளை தன் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்துக்கொள்கிறது. அடக்கும் ரசாயனம் காபா, முடுக்கும் ரசாயனம் குளூட்டமேட், இந்த இரண்டின் கணக்கே மாறிப்போயிருக்கும். ஒருநாள் திடீரென்று சரக்கை நிறுத்தினால் தறி நின்றுவிடுகிறது, கத்தல் மட்டும் அப்படியே இருக்கிறது. நடுக்கம், வேர்வை, படபடப்பு, தூக்கமின்மை, ஃபிட்ஸ் எல்லாம் அந்தக் கத்தல்தான். ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம் ஆரம்பிக்கும், ஃபிட்ஸ் வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள், ஜன்னி அதற்கு அப்புறம்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவை திடீரென்று நிறுத்தும்போதும் மூளை இன்னும் கொஞ்சம் சீண்டப்படுகிறது. சகோதரி எழுதியதைப் பாருங்கள்: முந்தின வருஷம் தூக்கம் இல்லை, போன வருஷம் நடுக்கம், இந்த வருஷம் ஜன்னி. வருஷா வருஷம் மாலை போட்டு நிறுத்துகிறார், அப்புறம் பழைய அளவுக்கே திரும்புகிறார், அடுத்த தடவை உடம்பு இன்னும் மோசமாகக் கேட்கிறது. "நினைச்சா நிறுத்திடுவேன்" என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். நிறுத்தினேனே, நிறுத்தியபடி இருக்கத்தான் தெரியவில்லை.

நைட் டூட்டி | புதன், காலை 8:45

டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கில் கடைகளை மூடினார்களே, அந்த முதல் வாரம் எங்கள் வார்டில் இதே காட்சிதான். கொரோனாவுக்கு என்று ஒதுக்கிய ஆட்கள் ஒரு பக்கம், கட்டிலில் பூச்சி ஊர்கிறது என்று போர்வையை உதறுகிறவர்கள் இன்னொரு பக்கம். கேரளத்தில் டாக்டர் சீட்டு இருந்தால் மது கொடுக்கலாம் என்று அரசே உத்தரவு போட்டு, டாக்டர்கள் எதிர்த்து, உயர் நீதிமன்றம் தடை விதித்தது நினைவிருக்கும். டாக்டர்கள் எதிர்த்தது சரிதான், இதற்கு மருந்து இருக்கும்போது சரக்கை எதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும்?

என்ன மருந்து என்றால், டயசிபாம் அல்லது குளோர்டயசிபாக்சைடு, கல்லீரல் கெட்டிருந்தால் லோராசிபாம். சரக்கு செய்த அமுக்கத்தை இது தற்காலிகமாகச் செய்யும், ஐந்தாறு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். இவை எல்லாம் டாக்டர் கண் முன்னால் கொடுக்க வேண்டியவை. மருந்துக்கடையில் தெரிந்த பையனிடம் 'தூக்க மாத்திரை' வாங்கிக் கொடுத்து, அதன்மேல் அவர் ஒரு குவார்ட்டரும் போட்டால் மூச்சு நின்றுவிடும். அப்புறம் தயமின், பி1 வைட்டமின் ஊசி. குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, உடம்பில் பி1 வற்றிக் கிடக்கும். அந்த நிலையில் தெருமுனை கிளினிக்கில் "சோர்வாக இருக்கார்" என்று வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கு நிரந்தரமாக அடி விழலாம், ஞாபகமே தங்காமல் போனவர்கள் உண்டு. பி1 முதலில், குளுக்கோஸ் பிறகு. இதை டாக்டரிடம் கேட்கலாம், தப்பே இல்லை.

மருந்துக்கடை மாமா | புதன், மதியம் 2:10

அந்தப் பொடி ஏன் கூடாது என்று யாரும் விளக்கவில்லையே. முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், மாசத்துக்கு நாலு பேராவது "அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்க ஏதாவது கொடுங்கண்ணே" என்று வந்து நிற்பார்கள். பாவம், எல்லாம் பெண்கள்.

பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காது. எழுதியிருந்தாலும் நம்ப முடியாது. டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை நிஜமாகவே இருக்கிறது, டாக்டர்கள் எழுதுவார்கள். சரக்கு கல்லீரலில் உடையும்போது நடுவில் அசிட்டால்டிஹைடு என்று ஒரு விஷம் உண்டாகும், வழக்கமாக அது உடனே கழிந்துவிடும். இந்த மாத்திரை அதைக் கழியவிடாமல் தேக்கிவிடும். மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, தலை இடித்து, வாந்தி எடுத்து, பிரஷர் விழுந்து, இருதயம் பலவீனமான ஆளாக இருந்தால் அங்கேயே முடிந்துவிடும். அந்தப் பயம்தான் மருந்து. தனக்குத் தெரியாமலே சாப்பிட்டவனுக்குப் பயம் எங்கிருந்து வரும்? அவன் வழக்கம்போல் போய் ஒரு ஆஃப் அடிப்பான். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த வினை உண்டு. அரிஷ்டத்தில்கூட தானாக ஊறிய சாராயம் இருக்கிறது, இருமல் டானிக் சிலவற்றிலும் இருக்கிறது, அதைக் குடித்தாலும் வரும். ஆக, அவரே சம்மதித்து, அவர் கையால் வாங்கிச் சாப்பிட வேண்டிய மாத்திரை இது.

வேறு மருந்துகளும் உண்டு. நால்ட்ரெக்சோன், குடித்தால் கிடைக்கும் அந்தக் கிக்கை மட்டுப்படுத்தும். அகாம்ப்ரோசேட், நிறுத்தியவர்களுக்கு ஏக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும். கல்லீரல் மோசமான ஆட்களுக்கு பேக்ளோஃபென் எழுதுகிறார்கள். கல்லீரல், சிறுநீரக டெஸ்ட் பார்த்துவிட்டுத்தான் எது யாருக்கு என்று முடிவு செய்வார்கள். சீட்டு இல்லாமல் என்னிடம் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டேன்.

பெயர் வேண்டாம் | புதன், மாலை 7:36

இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். எங்கள் சித்தி பையனுக்கு 20 வயது, சரக்கு இல்லை, வலி மாத்திரை, டாபென்டடால். கரைத்து ஊசி போடுகிறான். மூன்று நாளாக வீட்டில் பூட்டி வைத்திருக்கிறோம், மூக்கு ஒழுகுகிறது, கொட்டாவி விடுகிறான், வயிற்றுப்போக்கு, எலும்பு எல்லாம் வலிக்கிறது என்று அலறுகிறான். அவனுக்கும் ஜன்னி வருமா?

நைட் டூட்டி | புதன், இரவு 8:02

தம்பி, அது அபின் இனத்து மருந்து, ரூட்டே வேறு. வேதனை கொடுமையாக இருக்கும், ஆனால் திடமான ஆளுக்கு அந்த வேதனையால் உயிர் போவது அபூர்வம். தண்ணீர்ச் சத்து மட்டும் வற்றவிடாதீர்கள். ஆபத்து அதற்கு அப்புறம்தான். பத்து நாள் நிறுத்தினால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், வெளியே விட்டதும் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். பூட்டைத் திறந்து, அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை இருக்கிறது, வேதனை தணியும். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்ஐவி, மஞ்சள் காமாலைப் பரிசோதனையும் வேண்டும். மாமா சொன்ன நால்ட்ரெக்சோனை இவனுக்கு இப்போது கொடுத்துவிடாதீர்கள், வேதனை பத்து மடங்காகிவிடும். தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

கப்பலூர்க்காரி | ஞாயிறு, காலை 10:15

எல்லோருக்கும் நன்றி, எப்படிச் சொல்வது தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், ஐசியூவில் இரண்டு நாள். ஆம்புலன்ஸிலேயே ஒரு ஃபிட்ஸ் வந்தது. லோராசிபாம்தான் போட்டார்கள், கல்லீரல் வீங்கியிருக்கிறதாம். நைட் டூட்டி அக்கா சொன்னபடி தயமினைப் பற்றிக் கேட்டேன், அந்த டாக்டர் பெண் என்னைத் திரும்பிப் பார்த்து "நீங்க நர்ஸா?" என்றார். வெள்ளிக்கிழமை ராத்திரி முதல் தடவையாகத் தூங்கினார், பதினாலு மணி நேரம். எழுந்ததும் கேட்டது, "மாலை எங்கே?"

மாலையை அன்றைக்கு வாசலிலேயே குருசாமிதான் கழற்றினார். அம்மா கூடாது கூடாது என்று அழுதபோது, "நோயாளிக்கு விரதம் கிடையாதும்மா, தோஷம் வந்தால் எனக்கு வரட்டும்" என்று தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். ஏற்கெனவே இப்படி இரண்டு பேரைப் பார்த்திருக்கிறாராம்.

இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. சொந்தக்காரர்கள், மூன்று மாசம் உள்ளே போட்டுப் பூட்டி வைக்கும் சென்டர் இருக்கிறது, போன் செய்தால் வேன் அனுப்பித் தூக்கிப் போவார்கள் என்கிறார்கள்.

கோபம் தீராதவன் | ஞாயிறு, பகல் 11:40

அந்த வேனை மட்டும் கூப்பிடாதீர்கள். என் தம்பியை அப்படித்தான் அனுப்பினோம், நான்தான் கையெழுத்துப் போட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு நாலு தடியன்கள் வந்து லுங்கியோடு தூக்கிப் போனார்கள். தொண்ணூறு நாளில் ஒரு டாக்டரும் அவனைப் பார்க்கவில்லை. அடி, அப்புறம் ஒரு ஹாலில் நாற்பது பேர். திரும்பி வந்த அன்றைக்கே குடித்தான், அதைவிட அன்றிலிருந்து என்னிடம் பேசுவதே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும், சங்கிலியால் கட்டக் கூடாது என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். சேர்க்கும் முன்னால் லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள், மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள், வாரம் ஒருமுறையாவது பார்க்க விடுவீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

பள்ளிபாளையம் தறி | ஞாயிறு, மதியம் 1:05

நல்ல இடங்களும் இருக்கின்றன நண்பரே. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை, கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது, அங்கே குடும்பத்தாருக்கும் சேர்த்து ஆலோசனை உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதைநோய்க்கென்றே தனி மையம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகக்கூட வேண்டாம், அரசு மருத்துவக் கல்லூரி ஓ.பி.யிலேயே ஆரம்பிக்கலாம். போனில் பேச 14416, டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், போதைக்கென்றே 14446, இரண்டும் இலவசம்.

என்னைத் தாங்கியது மாத்திரை பாதி, ஏ.ஏ. கூட்டம் பாதி. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயாளிகள் கூடி ஒருவரையொருவர் தாங்கும் அமைப்பு. 1935இல் அமெரிக்காவில் ஒரு பங்கு வியாபாரியும் ஒரு டாக்டரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், ஆரம்பித்தது. எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்து பேசுவோம். முதல் நாள் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் எழுந்து, தான் மனைவியின் கொலுசை அடகு வைத்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் வீட்டில் நான் வைத்தது தோடு. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, அம்மாவைக் கூட்டிப் போங்கள்.

தேனிப் பொண்ணு | ஞாயிறு, மாலை 4:22

எல்லோரும் நோய் நோய் என்கிறீர்கள். எங்கள் அப்பா குடித்துவிட்டு வந்து அடித்தபோது எனக்கு எட்டு வயது. சர்க்கரை நோயாளி யாராவது பெண்டாட்டியை அடிக்கிறானா? எனக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ள இஷ்டமும் இல்லை.

பள்ளிபாளையம் தறி | ஞாயிறு, மாலை 5:10

நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் கேட்க உரிமையில்லைம்மா. நோய் என்பது நான் செய்ததற்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது. என் மகளும் இரண்டு வருஷம்தான் ஆகிறது சரியாகப் பேசி, அவள் எடுத்துக்கொண்ட காலம் அவளுடையது. நோய் என்று நான் சொல்வது ஒரே காரணத்துக்காகத்தான்: நோய் என்று நினைத்தால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், திமிர் என்று நினைத்தால் அடிப்பார்கள் அல்லது பொடி கலப்பார்கள். எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2019இல் வெளிவந்தது, மதுவால் சிக்கலில் இருப்பவர்கள் நாட்டில் 5.7 கோடிக்கு மேல், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு வைத்தியம் கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார். மிச்சம் 37 பேர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

தேனிப் பொண்ணு | ஞாயிறு, மாலை 5:31

தெரியும்.

கப்பலூர்க்காரி | செவ்வாய், இரவு 9:20

அண்ணன் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். வேன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம், வியாழக்கிழமை மனநல ஓ.பி.க்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பொடி விஷயத்தை அவரிடமே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி அவரே சாக்கடையில் கொட்டினார். அத்தைக்கு 350 ரூபாய் போனதில் வருத்தம்.

வெல்டிங் வைத்தது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டார். ஏதோ கேட் மாதிரி இருந்தது என்றேன். இரண்டு கேள்வி இருக்கிறது. பட்டறைச் சாவியைக் கேட்கிறார், கொடுக்கலாமா? குருசாமியிடமிருந்து மாலையை வாங்கி மறுபடி போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்.

நைட் டூட்டி | செவ்வாய், இரவு 10:05

மாலையை டாக்டர் சரி என்றால் போட்டுக்கொள்ளட்டும், இப்போது உடம்பில் சரக்கு இல்லை, நிறுத்துவதற்கான ஆபத்து தாண்டியாகிவிட்டது. ஆனால் மாத்திரைகளை விரதம் என்று நிறுத்தக் கூடாது, குருசாமி நல்லவராகத் தெரிகிறார், அவரையே சொல்லச் சொல்லுங்கள். மலை இறங்கியதும் வரும் முதல் வாரம்தான் எனக்குக் கவலை, அந்த வாரத்தில் ஒரு ஓ.பி. தேதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி குடித்துவிட்டால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அடுத்த தடவை நிறுத்துவது ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும், வீட்டில் கூடவே கூடாது.

சாவி இரண்டு வாரம் போகட்டும், கை இன்னும் லேசாக நடுங்கும். வியாழக்கிழமை டிஸ்சார்ஜ் சீட்டு, ரத்த ரிப்போர்ட், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். காலை ஏழரைக்கே வரிசை நின்றுவிடும்.

மருந்துக்கடை மாமா | செவ்வாய், இரவு 10:40

அரிஷ்டம் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வைத்துவிடுங்கம்மா.